850-க்கு எப்படி வந்தோம்?

பாக்டீரியோகுளோரோஃபில்-ஏ நிறமியை ஈதரில் கரைத்து அளந்தால் கியூ-ஒய் பட்டை ஏறத்தாழ 770 நானோமீட்டரில் நிற்கும். அதே மூலக்கூறு ஊதாப் பாக்டீரியாவின் எல்எச்2 புரதத்துக்குள் அமர்ந்துவிட்டால், ஒரு தொகுதி 800-இலும் இன்னொன்று 850-இலும் ஒளியைக் கவர்கிறது. 770-க்கும் 850-க்கும் உள்ள தொலைவு ஆற்றல் கணக்கில் சுமார் 0.15 எலெக்ட்ரான் வோல்ட்தான். நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் பாதிச் சிக்கல் இந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் கிடக்கிறது.

1995-இல் கிளாஸ்கோ குழுவினர் அசிடோஃபிலா பாக்டீரியாவின் எல்எச்2 படிக அமைப்பை வெளியிட்டனர். 9 நிறமிகள் தள்ளித் தள்ளியும், 18 நிறமிகள் சுமார் 9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் வளையமாக நெருங்கியும் நிற்பது தெரிந்தது. படத்தைப் பார்த்ததுமே மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது: நெருக்கம், ஆகவே எக்சைட்டான் இணைவு, ஆகவே 850. தீர்ப்பு தவறில்லை, அரைகுறை.

அந்தப் படம் வருவதற்கு 3 ஆண்டு முன்பே நீல் ஹன்டர் உள்ளிட்ட குழு ரோடோபாக்டர் ஸ்பீராய்டஸில் வேறொன்றைச் செய்து காட்டியிருந்தது. நிறமியின் அசிடைல் தொகுதிக்குப் பக்கத்திலிருந்த இரண்டு டைரோசின்களில் ஒன்றை மாற்றினார்கள். பட்டை 11 நானோமீட்டர் நீலப்பக்கம் போனது. இரண்டையும் மாற்றினார்கள், 24 நானோமீட்டர். ஆற்றலாக மாற்றிப் பாருங்கள், அந்த 0.15-இல் கால் பங்குக்கும் சற்று அதிகம். ஹைட்ரஜன் பிணைப்பும் அசிடைலின் திருப்பமும் இவ்வளவு பேசும்போது, இணைவை மட்டும் வைத்து 850-ஐ அச்சாகக் கொண்டுவரும் மாதிரி எனக்கு மகிழ்ச்சி தருவதில்லை. எதையோ இரண்டு முறை எண்ணியிருக்கிறது என்றுதான் தோன்றும்.

டிடி-டிஎஃப்டி கணக்குகளில் இந்தச் சந்தேகம் இன்னும் கூடும். சார்பியத்தை மாற்றினாலே கியூ-ஒய் ஆற்றல் 0.1, 0.2 எலெக்ட்ரான் வோல்ட் நகர்ந்துவிடும். நாம் விளக்க வந்த இடப்பெயர்ச்சியும் அதே அளவுதான். வழக்கமான கலப்புச் சார்பியங்களோ, நெருங்கிய நிறமிகளுக்கு நடுவே இல்லாத மின்னூட்டமாற்ற நிலைகளைக் கீழே இறக்கி வைத்துவிடும். போதாததற்கு, செங்குத்துக் கிளர்வு ஆற்றலைப் பட்டையின் உச்சியோடு நேராக ஒப்பிட்டுவிட்டு 'சோதனையோடு நன்கு ஒத்துப்போகிறது' என்று எழுதுகிறோம். இந்த வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன்.

எனவே வரும் இதழ் முதல் கியூ-எக்ஸ் பட்டையையும் சேர்த்துக் கேட்கப்போகிறோம். கியூ-ஒய் ஈதரிலும் மெத்தனாலிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். மெக்னீசியத்தின் அணைவு எண் 5-இலிருந்து 6 ஆவதைக் காட்டிக்கொடுப்பது கியூ-எக்ஸ்தான். 575-க்கு அருகிலிருந்து 600-ஐத் தாண்டிப் போய்விடும். ஒரு மாதிரி இரண்டு பட்டைகளையும் ஒருசேரத் தருகிறதா என்று பார்த்தால், எந்தப் பிழை எந்தப் பிழையை மறைத்தது என்பது ஓரளவு புலப்படும். அட்டவணையில் கரைப்பானின் பெயரையும் வெப்பநிலையையும் எழுதுங்கள். 'கரைசலில்' என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் அட்டவணைகள் மதிப்பீட்டாளருக்குப் போகுமுன்பே உங்களிடம் திரும்பி வரும்.