எழுதச் சொல்கிறோம், எதை எழுதச் சொல்கிறோம்?

நம் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் முழுவதும் 'அ'. மறுபக்கம் முழுவதும் 'ஆ'. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பெற்றோரும் மகிழ்வர்; தலைமையாசிரியரும் கையொப்பமிடுவார். அதே மாணவனிடம், "நேற்று இரவு என்ன சாப்பிட்டாய்? எழுதிக் காட்டு" என்று கேளுங்கள். பென்சிலைக் கடித்துக்கொண்டு நம்மையே பார்ப்பான்.

பார்த்து எழுதுவது வேறு. நினைத்ததை எழுதுவது வேறு. முன்னது கைக்குப் பயிற்சி. பின்னதுதான் எழுத்து. தொடக்கப்பள்ளியில் நாம் முன்னதற்கே பெரும்பொழுதைச் செலவிடுகிறோம் என்பது என் கருத்து. அதன் விளைவை நான்காம் ஆண்டில் காண்கிறோம். பாடநூலை ஒப்பிக்கத் தெரிந்த மாணவனுக்குப் புதிய பத்தி ஒன்றை வாசிக்க இயலவில்லை. ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுத வரவில்லை. பிறகு, "தமிழ் கடினம்" என்று பிள்ளையும் சொல்கிறான், பெற்றோரும் சொல்கின்றனர்.

தமிழ் கடினமா? 247 எழுத்துகள் என்று எண்ணிக்கையைச் சொன்னால் யாருக்கும் அச்சம் வரும். உண்மையில் 12 உயிர், 18 மெய், அவற்றைச் சேர்க்கும் சில குறிகள், ஓர் ஆய்தம். இவ்வளவுதான். ஆயினும் மலேசியக் குழந்தைக்கென்று சில தனிச் சிக்கல்கள் உண்டு. அவன் முதலாம் ஆண்டிலேயே மலாயும் ஆங்கிலமும் கற்கிறான். அவ்விரண்டும் உரோமன் எழுத்தில் அமைந்தவை. அங்கே 'பி', 'பீ' என இரண்டு ஒலிக்கு இரண்டு எழுத்து. இங்கே 'பல்' என்பதற்கும் 'அம்பு' என்பதற்கும் ஒரே பகரம். அங்கே ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்து வரும். இங்கே 'கெ' என்று எழுத, பின்னால் ஒலிக்கும் எகரத்தின் கொம்பை முன்னால் போட வேண்டும். 'கு, சு, து' என்று உகரம் ஏறும்போது எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. குழந்தை தடுமாறும் இடங்கள் இவைதாம். இவற்றுக்குத்தான் நம் நேரமும் கற்பனையும் தேவை.

என் வகுப்பில் பயன் தந்த சில வழிகளைக் கூறுகிறேன்.

முதலாவது: குழந்தையின் சொல்லே முதற்பாடம். நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர் என்ற ஆசிரியை, 1963இல் வெளிவந்த 'ஆசிரியர்' எனும் பொருள்படும் தம் நூலில் இம்முறையை விவரித்துள்ளார். 'உனக்கு என்ன சொல் வேண்டும்?' என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்பார். அது சொல்லும் சொல்லை அட்டையில் எழுதி அதனிடமே கொடுத்துவிடுவார். அன்பும் அச்சமும் கலந்த சொற்களைக் குழந்தைகள் ஒருமுறை பார்த்தாலே மறப்பதில்லை என்று அவர் கண்டார்.

நானும் செய்து பார்த்தேன். ஒருவன் 'லாரி' என்றான். அவன் தந்தை லாரி ஓட்டுநர். அந்த ஒரு சொல்லிலேயே துணைக்காலும் இகரக் குறியும் அவனுக்கு வசப்பட்டன. சில வாரங்களில், "அப்பா லாரி ஓடுவார்" என்று எழுதினான். நான் சிவப்பு மையால் திருத்தவில்லை. உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தவன் சிரித்துவிட்டு, "ஐயா, அப்பா ஓடமாட்டார், ஓட்டுவார்!" என்று தானே ஒரு 'ட்' சேர்த்தான். ஒற்று ஒன்று பொருளையே மாற்றிவிடும் என்பதை எந்தப் பயிற்சித்தாள் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்கும்?

இரண்டாவது: வடிவ எளிமைக்கு முதலிடம். அகர வரிசை அகராதிக்கு இன்றியமையாதது. பிஞ்சு விரல்களுக்கோ 'அ' வளைவும் சுழியும் நிறைந்த எழுத்து. 'ட, ப, ம' நேர்கோடுகளால் எளிதில் அமைபவை. இம்மூன்றோடு புள்ளியையும் கற்றுக்கொடுத்தால் முதல் வாரத்திலேயே 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று குழந்தை வாசித்துவிடும். 'எனக்கு வாசிக்கத் தெரியும்' என்ற எண்ணம் முதல் வாரத்தில் வருவதற்கும் ஆறு மாதம் கழித்து வருவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

மூன்றாவது: எழுத்துகளாக நிற்கும் பிள்ளைகள். ஒருவன் கையில் 'க' அட்டை, மற்றொருவனிடம் ஒற்றைக்கொம்பு, இன்னொருவனிடம் துணைக்கால். 'கொ' என்றதும் மூவரும் ஓடிவந்து சரியாக நிற்க வேண்டும். 'கே' என்றால் துணைக்கால் விலகும், இரட்டைக்கொம்பு வரும். கொம்பு இடப்பக்கம் நிற்பது உடலோடு ஒட்டிவிடுகிறது. செலவு, சில அட்டைகள் மட்டுமே.

நான்காவது: ஓடி வந்து சொல்வதெழுதுதல். ஒரு சிறு பத்தியை வகுப்பின் பின்சுவரில் ஒட்டுங்கள். இருவர் ஓர் அணி. ஒருவன் சென்று வாசித்து, நினைவில் கொண்டுவந்து சொல்ல, மற்றவன் எழுத வேண்டும். பிறகு மாறிக்கொள்ள வேண்டும். 'எந்த ல?' என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். லகர, ளகர, ழகர வேறுபாடு அந்தக் கேள்வியில் பிறக்கும்.

ஐந்தாவது: வகுப்பிலேயே நூல் வெளியீடு. ஒரு தாளை மடித்து நடுவே வெட்டினால் எட்டுப் பக்கச் சிறுநூல் கிடைக்கும். பாட்டி செய்யும் பலகாரம், இரவுச் சந்தைக்குப் போனது, பத்துமலைத் தைப்பூசம், காணாமற்போன பூனை என எதுவும் நூலாகலாம். வாசிப்பு மூலையில் அது வைக்கப்பட்டு வேறொருவன் எடுத்து வாசிக்கும்போது எழுதியவன் முகத்தைப் பாருங்கள்! மாணவர் குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிக்கிறோம். அதைக் குறையென்று மட்டும் கருத வேண்டாம். பெரியவர்கள் எழுத, சிறியவர்கள் வாசிக்கட்டும்.

"அடிப்படை இல்லாமல் படைப்பாற்றலா?" என்று மூத்த ஆசிரியர்கள் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. எழுத்தின் வரிவடிவத்தை முறையாகக் கற்பிக்கத்தான் வேண்டும். பிழையைப் பிழையென்று காட்டத்தான் வேண்டும். நான் மறுப்பது வரிசையை மட்டுமே. அடிப்படை முழுவதும் முடிந்த பிறகுதான் சொந்த எழுத்து என்று காத்திருந்தால், எழுதும் ஆசை அதற்குள் வற்றிவிடும். இரண்டும் முதல் நாளிலிருந்தே கைகோத்துச் செல்ல வேண்டும். ஒரு கட்டுரையில் இருபது பிழையா? இன்று இரண்டைப் பேசுவோம். மற்றவை நாளைக்கு.

முன்பெல்லாம், "யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருக்கிறதே" என்று காரணம் சொன்னோம். 1988 முதல் நடந்த அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது மதிப்பீடு நம் வகுப்பறையில், நம் கையில். இனியும் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருக்க நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். புத்தகத்தில் எத்தனை பக்கம் நிரம்பியது என்று எண்ணாதீர்கள். நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தடுக்கும் இடத்தில் உடனே சொல்லிக் கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். கடைக்குப் போகும் பட்டியலைப் பிள்ளையையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். 'வெங்காயம்' தப்பாக எழுதப்பட்டிருந்தாலும் வெங்காயம் வாங்கி வாருங்கள். தான் எழுதியது ஒரு காரியத்தை நிகழ்த்தியது என்று பிள்ளை உணரட்டும்.

தமிழ்ப்பள்ளியே நம் தேர்வு என்று முழங்குகிறோம், மகிழ்ச்சி. அப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை, யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறானா என்பதே அந்த முழக்கத்துக்கு உரைகல். ஆசிரிய நண்பர்களே, நாளை காலை முதல் பாடவேளையில் ஒரே ஒரு வெற்று அட்டையோடு வகுப்புக்குள் செல்லுங்கள். "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று ஒரு பிள்ளையைக் கேளுங்கள்.