பறவை காணச் செல்வோர்க்கு

மாரி தொடங்கியதும் வடதிசையிலிருந்து நம் நாட்டை நாடி வரும் விருந்தினர் மிகப் பலர். அவர்க்குக் கடவுச்சீட்டும் இல்லை. சுங்கச் சோதனையும் இல்லை. பறவைகள் பருவந்தோறும் தெற்கே வந்து வடக்கே மீளும் உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்குச் சத்திமுத்தப் புலவர் நாரையை விடுத்த தூதே சான்றாகும்.

இவ்விருந்தினரைக் காண ஏற்ற இடங்களுள் மன்னார் தலையாயது. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் பெருந்தெரு மன்னார்த் தீவின் தாம்போதியை நெருங்குமிடத்தில், களப்பும் சேற்றுநிலமும் பரந்து கிடக்கின்றன. 2008ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்ட வங்காலைப் பகுதி இதுவே. 2010இல் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வளைந்த அலகைத் தலைகீழாக நீரிற் செலுத்தி இரை வடித்துண்ணும் பூநாரைகளையும், கூட்டங் கூட்டமாக மிதக்கும் ஊசிவால் வாத்துக்களையும் ஈண்டுக் காணலாம்.

எப்போதாவது ஒருநாள், அப்பக்கம் முன் கண்டறியாத பறவையொன்றும் வந்திறங்கும். கண்டவர் சும்மா இருப்பாரா? கைபேசி வழியாகச் செய்தி நாடெங்கும் பரவுகிறது. மறுநாள் விடியுமுன் மோட்டார் வண்டிகள் வரிசையாக வந்து தெருவோரத்தை அடைத்துக்கொள்கின்றன. வானத்தைப் பார்த்த கண்ணோடு பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கின்றனர். பஸ்ஸும் மீன் லொறியும் விரைந்து செல்லும் பாதை அது என்பதை எவரும் நினைப்பதில்லை.

ஆகவே, மாணவர்க்கும் அவரை அழைத்துச் செல்லும் பெற்றோர்க்கும் சில சொல்வோம். பாலத்தின் மீதும் வளைவிலும் வண்டியை நிறுத்தலாகாது. தெருவை முற்றும் விட்டு விலகிக் கெட்டியான தரையில் நிறுத்துக. உவர்ச்சேறு மேலே காய்ந்து வெடித்திருக்கும். சக்கரம் ஏறியதும் உள்வாங்கிவிடும். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், பிள்ளைகள் இடக்கதவாலேயே இறங்கல் வேண்டும். வலப்புறம் இருக்கும் சாரதி, பின்னே நோக்கிய பின்னரே தம் கதவைத் திறத்தல் வேண்டும். மீனவர் வள்ளத்துக்குச் செல்லும் பாதையை மறித்து நிறுத்துதல் அவர்தம் பிழைப்பை மறிப்பதாகும்.

வண்டிக்குள் இருந்தே பார்ப்பது இன்னும் நன்று. வண்டிக்கு அஞ்சாத பறவையும் அதிலிருந்து இறங்கும் மனிதனைக் கண்டால் அஞ்சும். 2021இல் மன்னாரில் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகமொன்று, ருஷ்யாவின் வடமுனைப் பகுதிவரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். அத்தகைய நெடும் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைப் பறவை சேர்ப்பது இங்கே உண்ணும் இரையிலிருந்துதான். ஒரு படம் பிடிப்பதற்காகக் கூட்டத்தைக் கலைத்து எழுப்பும் ஒவ்வொரு தடவையும் அதன் வழிச்சோற்றில் ஒரு பிடியைப் பறிக்கிறோம்.

புதுமையைக் கண்டால் பிறர்க்குச் சொல்லுதல் நல்ல வழக்கமே. நாள், நேரம், இடம், எண்ணிக்கை, நிறம், கால், அலகு ஆகியவற்றைக் கண்டவாறே குறித்துக்கொள்க. பெயர் தெரியாவிடின் ஊகித்து எழுதற்க, அறிந்தவரிடம் கேட்டறிக. கூடு கட்டி முட்டையிட்டுள்ள இடத்தை மட்டும் பரப்பற்க.

இவற்றோடு இன்னுமொரு வரியையும் சேர்த்தெழுதும்படி வேண்டுகின்றோம்: வண்டியை எங்கே நிறுத்தலாம், அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதே அது. பறவை இருக்கும் இடத்தைச் சொல்லிப் பாதுகாப்பாக நிற்கும் இடத்தைச் சொல்லாது விடுவது அரைச் செய்தியே. அந்த ஒரு வரி, நாம் ஒருபோதும் காணாத ஒரு வீட்டுப் பிள்ளையைக் காப்பதாகலாம்.