பளிங்கில் யாருடைய முகம்?

மரக்காணம் உப்பளத்திலிருந்து திண்டிவனம் போகும் வழியில் பெருமுக்கல் மலை நிற்கிறது. அதன் மேல் ஒரு பாழடைந்த கோட்டை. 1760ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அதைப் பறித்தவன் ஆங்கிலத் தளபதி அயர் கூட். இரண்டு அந்நியக் கம்பெனிகள் நம் மண்ணுக்காக நம் மண்ணிலேயே அடித்துக்கொண்டன. அழிந்தது நம் குடியானவனின் வாழ்வு.

அந்தக் கூட்டுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பளிங்குச் சின்னம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1789ல் வைத்தது. செதுக்கியவர் தாமஸ் பாங்க்ஸ். வெற்றித் தேவதை கூட்டின் முகச் சிற்பத்தைப் பனைமரத்தில் மாட்டுகிறாள். அருகே ஆடையின்றி, துயரத்தில் தலை கவிழ்ந்து ஓர் இந்தியக் கைதி! தளபதிக்குப் பெயர் உண்டு. கைதிக்குப் பெயர் இல்லை.

அதே சிற்பி செய்த காரன்வாலிஸ் சிலை 1800ல் சென்னைக்கு வந்தது. இன்று கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திப்புவின் மக்கள் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சி அதன் பீடத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது.

பழைய கிரேக்க, ரோமச் சிலைகளைப் பார்த்துச் செய்த பாணி இது. சாந்தமான முகம், வழவழப்பான பளிங்கு. நாடு பிடித்தவனும் நீதிமான் போலத் தோன்றுவான். சிற்பியின் கைத்திறனை நாம் பழிக்கவில்லை, அவரும் உழைப்பாளியே. பணம் கொடுத்தவன் யார், அவன் எதை மறைக்கச் சொன்னான் என்பதே கேள்வி.

மக்கள் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1857 எழுச்சியை ரத்தத்தில் மூழ்கடித்த நீலின் சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதை அகற்றக் கோரி 1927ல் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். 1937ல் சிலை பொருட்காட்சிசாலைக்குப் போயிற்று.

1959ல் மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை எழுந்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். பட்டமில்லை, பதக்கமில்லை; புடைத்த தசையும் நரம்பும்தான். 1923ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய கடற்கரை அது.

அப்படியானால் தலைவர்களுக்குச் சிலையே வேண்டாமா? மக்களுக்காக உழைத்தவர்களுக்கு வேண்டும். ஆனால் சிலையோடு கடமை முடிந்ததா? எத்தனையோ ஊர்களில் அம்பேத்கர் சிலை இன்று கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. சிலைக்குக் கூண்டு போட்டவர்கள் தீண்டாமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்களா?

உப்பளத் தொழிலாளியின் பாதம் உப்பு நீரில் வெடிக்கிறது. வெள்ளை வெயிலில் கண் கூசுகிறது. மழை வந்தால் வேலை நின்றுவிடுகிறது. மாலையோடு சிலை திறக்க வருகிறவர்களிடம் கேளுங்கள்: பாத்தி ஓரத்தில் குடிநீர் எங்கே? நிழலுக்குக் கூரை எங்கே? மழை மாதங்களில் அடுப்பெரிய வழி என்ன?

பதில் வரும்வரை கேளுங்கள்! தனித்தனியாக அல்ல, சங்கமாகச் சேர்ந்து கேளுங்கள்!