போட்டிக்கு முன் கையை இழுத்துவிட்டால் வேகம் கூடுமா?

மேட்டூர் தண்ணி வந்துட்டா போதும், தஞ்சாவூர் புது ஆற்றில் பசங்க குதிக்க ஆரம்பிச்சிடுவாங்க. அவர்களில் சிலர் போட்டிக் குளம் வரை வருகிறார்கள். அங்கே ஒரு பழக்கம்: போட்டிக்குச் சற்று முன், நண்பன் பின்னால் நின்று இரண்டு கைகளையும் இழுத்துப் பிடிப்பான். 'தசை தளர்ந்தா வேகம் வரும்' என்ற நம்பிக்கை.

உண்மை வேறு. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தே வைத்திருந்தால், அதன் விசை சிறிது நேரம் குறையும். 50 மீட்டர் போட்டியில் அந்தச் சிறு குறைவே பதக்கத்தைப் பறிக்கலாம். தவிர, நீச்சல் வீரர்கள் பலருக்குத் தோள் மூட்டு ஏற்கெனவே நெகிழ்வானது. மேலும் இழுத்தால் மூட்டின் பிடிமானம் தளர்ந்து, வலிதான் மிஞ்சும்.

காயம் எவ்வளவு விலை கேட்கும்? டெல்டாவை ஒட்டிய நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷைக் கழுத்துக் காயம் பல மாதங்கள் முடக்கியது. மீண்டு வந்து, 2021-ல் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக் 'ஏ' தகுதி பெற்ற முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார். எல்லோருக்கும் அப்படி மீள வாய்ப்பு கிடைக்காது.

போட்டிக்கு முன் கைகளைச் சுழற்றுங்க, மெதுவாக நீந்தி உடலைச் சூடாக்குங்க. இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை, வலி வராத அளவுக்கு, நீந்தி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். தோளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். பயிற்சியாளர்களே, உடற்கல்வி ஆசிரியர்களே, அடுத்த போட்டியில் யாராவது பிள்ளையின் கையைப் பின்னால் இழுத்தால் தடுத்துவிடுங்கள்.