பெட்டி எங்கே?

வாக்குரிமை உண்டு என்கிறார்கள். ஏழைக்கும் உண்டு, செல்வனுக்கும் உண்டு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அரசியல் சட்டத்திலே அழுத்தந்திருத்தமாக எழுதப்பட்டிருக்கிறது என்கிறார்கள். நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி: பெட்டி எங்கே?

சின்னஞ்சிறு கேள்விதான். ஆனால், மக்களாட்சியின் மணிவிளக்கு எனத் தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளும் அமெரிக்க நாட்டிலே, இந்தக் கேள்வி வழக்குமன்றங்களைக் குலுக்கியபடி இருக்கிறது. அங்கே பொதுத் தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை. நாடு முழுமைக்குமான விடுமுறை நாள் அல்ல. உழைப்பவன் ஆலைக்குச் செல்லவேண்டிய நாள். ஆகவே பல மாநிலங்கள், முன்கூட்டியே வாக்களிக்கவும், அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டை நிரப்பி நேரில் ஒப்படைக்கவும் வழி செய்தன. நல்ல ஏற்பாடு. ஆனால், அந்த இடங்கள் எங்கே அமையலாம், எத்தனை அமையலாம் என்று விதி எழுதும் பேனா எவர் கையில் இருக்கிறதோ, உரிமையின் குரல்வளையும் அவர் கையில்தான் இருக்கிறது!

சான்று வேண்டுமா? டெக்சாஸ் மாநிலத்தைப் பாருங்கள். 2020 அக்டோபர் 1. கொரோனா நோய் உலகை உலுக்கிக்கொண்டிருந்த வேளை. ஆளுநர் கிரெக் அபாட் ஓர் ஆணை பிறப்பித்தார்: அஞ்சல் வாக்குச்சீட்டை நேரில் ஒப்படைக்கும் இடம், கவுண்டிக்கு ஒன்றுதான்! கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. டெக்சாசில் அவை 254. ஹூஸ்டன் நகரைத் தன்னகத்தே கொண்ட ஹாரிஸ் கவுண்டி, பன்னிரண்டு இடங்களை ஏற்பாடு செய்திருந்தது. ஆணை வந்தது, பதினொன்று மூடப்பட்டன.

"எங்கும் ஒரே சீரான முறை வேண்டாமா?" என்றனர் ஆணைக்காக வாதாடியோர். அந்தச் சீர் எத்தகையது? 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி, லவிங் கவுண்டியில் வாழ்வோர் 64 பேர். ஹாரிஸ் கவுண்டியில் 47 இலட்சத்துக்கும் மேல். பரப்போ 1,700 சதுர மைலுக்கும் மேல். அறுபத்து நால்வருக்கும் ஒரே இடம், அரைக்கோடியை நெருங்குவோருக்கும் ஒரே இடம்! யானைக்கும் ஒரு கவளம், எறும்புக்கும் ஒரு கவளம்; பந்தி நேர்மையாக நடந்தது என்று பறைசாற்றுகிறான் பரிமாறுபவன்! இடங்களைச் சமமாக்கி மனிதரைச் சமமற்றவராக்குவதற்குப் பெயர் சமத்துவமா, சதியா?

பாதிக்கப்பட்டவர் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். டெக்சாசில் அஞ்சல் வாக்கு எல்லாருக்கும் கிடைப்பதன்று. 65 வயதைக் கடந்தோர், நோயுற்றோர், உடல் இயலாதோர், ஊரில் இல்லாதோர் போன்றோர்க்கே உரியது. தள்ளாத வயதினரைத்தான் தொலைதூரம் அலையவிட்டது அந்த ஆணை.

"வாக்குத் திருட்டைத் தடுக்கவே" என்றனர். அங்கே வாக்காளர் தாமே வரவேண்டும். அடையாளச் சான்று காட்டவேண்டும். அலுவலர் கண்ணெதிரே ஒப்படைக்கவேண்டும். ஓரிடத்தில் காவலாக நிற்கும் இந்த முறை, பன்னிரண்டு இடங்களில் மட்டும் பல்லிளித்துவிடுமோ? "முன்கூட்டியே நேரில் வாக்களிக்கலாமே, அஞ்சலில் அனுப்பலாமே, வேறு வழிகள் உண்டே" என்றனர். கதவை அடைத்தவன் சன்னலைக் காட்டுகிறான்! கீழ்மன்ற நீதிபதி ஆணையை நிறுத்தினார். மேல்மன்றமோ அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

இளைஞரை மட்டும் விட்டுவைத்தனரா? 18 வயதினருக்கு வாக்குரிமை வழங்கும் 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது 1971-இல். ஆனால் 2014-இல் புளோரிடா மாநிலத் தேர்தல் துறை, கெயின்ஸ்வில் நகரப் பல்கலைக்கழக மாணவர் மன்றக் கட்டடத்திலே முன்வாக்குச்சாவடி அமைக்கச் சட்டம் இடந்தரவில்லை என்றது. நூலகம் ஆகுமாம், விளையாட்டரங்கு ஆகுமாம், கண்காட்சித் திடலும் ஆகுமாம். மாணவர் கூடுமிடம் மட்டும் ஆகாதாம்! 2018-இல் நீதிபதி மார்க் வாக்கர், அந்தத் தடை 26-ஆவது திருத்தத்துக்கே முரணானது எனக் கூறித் தடுத்தார். அடங்கினரா? மறு ஆண்டே, முன்வாக்குச்சாவடியில் போதிய வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்றொரு வாசகம் சட்டத்தில் நுழைந்தது. நடந்தே வரும் மாணவனை, வண்டி நிறுத்த இடமில்லை என்று சொல்லி விரட்டப் பார்த்த விந்தையை என்னென்பது!

விஸ்கான்சின் கதை இன்னும் வேடிக்கை. 2022-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், வாக்குச்சீட்டு இடும் பொதுப் பெட்டிகள் கூடாது என்றது, நான்குக்கு மூன்று என்ற கணக்கில். 2024-இல் அதே மன்றம், ஆகும் என்றது. அப்போதும் நான்குக்கு மூன்று! சட்டத்தின் சொற்கள் மாறவில்லை. நீதிபதியின் நாற்காலி ஒன்று மாறியிருந்தது. மக்களின் உரிமை ஒரு நாற்காலியின் காலிலா கட்டப்பட்டிருப்பது?

விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விதி இல்லாவிடின், வலுத்தவன் தன் வீட்டு வாயிலிலேயே பெட்டியை வைத்துக்கொள்வான். விதி வேண்டும்; ஆனால் அது மக்களை எண்ணிப் பார்த்து எழுதப்படவேண்டும். எத்தனை பேருக்கு ஒன்று, எத்தனை தொலைவுக்கு ஒன்று, பேருந்து செல்லுமா, முதியோர் ஏற முடியுமா என்பவையே அளவுகோலாக வேண்டும். தேர்தல் நெருங்கும் வேளையில் மாற்றலாகாது. மாற்றுவோர் காரணத்தைக் கணக்கோடு காட்டவேண்டும்.

தோழர்களே! உரிமையைப் பறிக்க வருபவன் எப்போதும் உருவிய வாளோடு வருவதில்லை. சில வேளைகளில் ஊர்ப்படமும் அளவுநாடாவும் ஏந்தி வருகிறான். "உனக்கு உரிமை உண்டு" என்று எவரேனும் இனிக்க இனிக்கப் பேசும்போது, கைதட்டுமுன் கேளுங்கள்: எங்கே? எத்தனை தொலைவில்? என் தாயால் அங்கே நடந்து செல்ல முடியுமா?