தூண் நேராக நிற்கட்டும்



திருச்சபை உண்மையின் தூண் என்று மறைக்கல்வி வகுப்பில் கற்கிறோம். திமொத்தேயுவுக்குப் புனித பவுல் எழுதிய முதல் மடலிலிருந்து வந்த கருத்து இது. தூணுக்கு வேலை இரண்டு. மேலே உள்ள பாரத்தைத் தாங்க வேண்டும். அதற்கு முன், தான் கோணாமல் நிற்க வேண்டும். உண்மையைக் காக்கவும் பறைசாற்றவும் திருச்சபைக்குக் கடமை உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. அதை எங்கிருந்து தொடங்குவது என்பதே கேள்வி. நம் ஆலயத்தின் நான்கு சுவர்களுக்குள்ளிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் துணிபு. இதற்குச் சான்று தேடி உரோமைக்குப் போக வேண்டியதில்லை. நம் புதுவையிலேயே இருக்கிறது.

மிஷன் வீதியில் நாம் சம்பா கோயில் என்றழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயம் 1791-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்பும் அங்கே சேசு சபைக் குருக்களின் ஆலயம் இருந்தது. அந்த ஆலயத்தினுள் ஒரு சுவர் நின்றது. தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் ஒருபுறம், மற்றவர்கள் மறுபுறம். ஒரே பலிபீடம், ஒரே நற்கருணை. நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும்! எல்லோரும் இறைவனின் பிள்ளைகள் என்று பிரசங்க மேடை சொல்லிற்று. இல்லை என்று சுவர் சொல்லிற்று.

திருச்சபையின் தலைமை வாளாவிருந்ததென்று கூற முடியாது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் என்பவர் 1704-ஆம் ஆண்டு நம் புதுவையிலிருந்தே ஓர் ஆணை பிறப்பித்தார். தாழ்த்தப்பட்ட மக்கள் நோயுற்றால் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஆணைக்கு எதிர்ப்பு எழுந்தது. வழக்கு நாற்பது ஆண்டுகள் நீண்டது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அக்கடமையை மீண்டும் வலியுறுத்தினார். ஆனால் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் அவர் இசைந்தார். எல்லோர் வீட்டுப் படியும் ஏற வேண்டிய மேய்ப்பர், சிலருக்குச் சிலர் என்று பிரிந்தார். வசதிக்காக உண்மையைப் பாதியாக நறுக்கினால் மிஞ்சுவது பாதி உண்மையாகாது.

அந்தச் சுவர் எப்படி விழுந்தது? துய்ப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவரின் பேச்சால் ஊக்கம் பெற்ற தாழ்த்தப்பட்ட மக்கள், பெரிய குருவிடம் நேரே சென்று முறையிட்டார்கள். நாங்களும் உம்முடைய சீடர்கள் என்றால் எங்களை ஏன் வேறாக நடத்துகிறீர் என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். குருவால் மறுக்க முடியவில்லை, சுவர் இடிக்கப்பட்டது. அன்று உண்மையைப் பறைசாற்றியவர்கள் யார்? சுவருக்கு அப்பால் உட்கார வைக்கப்பட்டவர்கள் அல்லவா! அதை நமக்காகப் பதிவு செய்தவரோ கிறிஸ்தவரே அல்லர்.

அதே நாட்குறிப்பில் மூன்று ஆண்டுகள் கழித்து இன்னோர் இடிப்பும் வருகிறது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் நம் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், அந்த ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. அதை அகற்ற வேண்டுமென்பது குருக்களின் நெடுநாள் விருப்பம். உண்மைக்குச் செய்யும் தொண்டென்றே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் தன் வீட்டுச் சுவரை இடிப்பதும் அயலார் வீட்டை இடிப்பதும் ஒன்றாகுமா? முன்னதில் திருச்சபை தன்னைத் திருத்திக்கொண்டது. பின்னதில் பிறர் மனத்தைப் புண்படுத்தியது. உண்மை தன் சொந்த வலிமையாலேயே மனங்களை ஈர்க்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவாகக் கூறிற்று. 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உண்மைக்குப் பணி புரிவதாக எண்ணிச் செய்த பாவங்களுக்காகவும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

செங்கற் சுவர் போயிற்று. மனச் சுவர் போயிற்றா? நமது புதுவை-கடலூர் உயர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச்சில், தலித் கத்தோலிக்கர் சம மதிப்பும் தனிப் பங்கும் கேட்டதை ஒட்டி மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உண்டென்று இந்திய ஆயர் பேரவையே 2016-இல் ஒப்புக்கொண்டது. மதம் மாறியும் சாதிக் கொடுமை தொடர்கிறது, ஆகவே 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் மறுக்கப்பட்ட சலுகை தலித் கிறிஸ்தவர்க்கும் வேண்டும் என்று தில்லியில் நியாயம் கேட்கிறோம். கேட்பது முறையே. அப்படியானால் தில்லியில் சொல்லும் உண்மையை நம் பங்குக் கூட்டத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் சொல்லத் தயங்குவானேன்?

எதையும் இடிக்காமல் உண்மையைப் பறைசாற்றிய வரலாறும் நம் ஊருக்கு உண்டு. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று வீடுதோறும் கேட்ட காலத்தில், அருள்தந்தை துய்ப்புய் 1844 அக்டோபர் 16 அன்று, பெண் குழந்தைகளின் கல்விக்கென இந்நாட்டுப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதய சபையைப் புதுவையில் தொடங்கினார். ஆணைப் போலவே பெண்ணும் இறைவனின் சாயல் என்ற உண்மையை அவர்கள் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். இன்று நாம் பள்ளி மணி கேட்டு ஓடி வருகிறோமே, அதுவும் அந்தப் பறைசாற்றலின் எதிரொலிதான்.

ஆகவே தோழியரே, உண்மையைக் காப்பது ஆயர்களுக்கும் குருக்களுக்கும் மட்டும் உரிய பணியென்று ஒதுங்கிவிட வேண்டாம். திருமுழுக்குப் பெற்ற நாமும் திருச்சபையே. நாளை நாம் ஆசிரியைகளாகவும் தாய்மாராகவும் கன்னியராகவும் விளங்கப்போகிறோம். ஒருத்தியின் சாதியைக் கேட்டறிந்த பின் அவளோடு பழகும் வழக்கம் நம் வகுப்பறையில் தலைகாட்டாதிருக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் அப்படிப் பேசினால், மரியாதை குன்றாமல், "இது நம் விசுவாசத்துக்கு ஒவ்வாதே" என்று சொல்லும் துணிவு நமக்கு வரட்டும். தூண் நேராக நின்றால் உலகம் தானே நம்பும்.