ஆறு ஆன்டெனாவும் ஓடாத கல்யாண வீடியோவும்

"ஹார்ட் டிஸ்க்கை மாட்டி டிவியில படம் பார்க்கணும், நல்ல ரவுட்டர் ஒண்ணு குடுங்க" என்று சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். மேசைக்கு வருவது சிலந்தி மாதிரி கால் பரப்பிய ஒரு பெட்டியாகத்தான் இருக்கும். "ஏஎக்ஸ் 3000 சார், ஆறு ஆன்டெனா, வீடு பூரா எடுக்கும்." வாங்க வந்தவரும் தலையாட்டுவார். அந்தப் பெட்டியில் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா என்ற கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் எழாது. ஏஎக்ஸ் 3000 என்று விற்கும் பல மாடல்களில் அந்த போர்ட்டே கிடையாது என்பது வீட்டுக்குப் போய் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

எண் பெரிதாக இருந்தால், ஆன்டெனா அதிகமாக இருந்தால், நெட் பிளான் வேகமாக இருந்தால் படம் திக்காமல் ஓடும். இதைக் கேள்வியே கேட்காமல் நம்புகிறோம். மூன்றுமே தவறு. அதிலும் மூன்றாவது, மாதாமாதம் பணம் பிடுங்கும் தவறு.

அதை முதலில் முடித்துவிடலாம். ரவுட்டரில் மாட்டிய டிஸ்க்கிலிருந்து டிவிக்குப் போகும் படம் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. டிஸ்க், ரவுட்டர், டிவி, அவ்வளவுதான் அதன் பயணம். தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபரை அறுத்துவிட்டுப் போன நாளிலும் அது ஓடும், ஓடியாக வேண்டும். ஆனாலும் படம் திக்கினால் நாம் உடனே சொல்வது "நெட் ஸ்லோ". 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்குகிறோம். மறுநாளும் அதே இடத்தில் அதே வட்டம் சுற்றுகிறது. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டால் அங்கிருப்பவரும் இன்னும் பெரிய பிளானைத்தான் பரிந்துரைப்பார். அவர் பிழைப்பு அது.

ஒரு படத்துக்கு எவ்வளவு வேகம் தேவை என்பதை யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கோப்பின் அளவை எட்டால் பெருக்கி, படம் ஓடும் விநாடிகளால் வகுக்க வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் 9,000 விநாடி. அது 4 ஜிபி கோப்பாக இருந்தால் நொடிக்கு மூன்றரை மெகாபிட்தான் தேவை. 15 ஜிபி எடுத்துக்கொள்ளும் 4கே படமானால் பதின்மூன்று சொச்சம். அந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். கடையில் விற்கும் ப்ளூ-ரே தட்டின் படத்துக்கே உச்ச வரம்பு நொடிக்கு 40 மெகாபிட். 4கே ப்ளூ-ரே மட்டும்தான் சில இடங்களில் நூறைத் தாண்டும். மூன்றரை மெகாபிட் தண்ணீருக்கு மூவாயிரம் மெகாபிட் குழாயா?

நம் வீடுகளில் உண்மையிலேயே கனமான கோப்பு ஹாலிவுட் படம் அல்ல, கல்யாண வீடியோதான். இன்று மண்டபத்தில் வீடியோ எடுப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கேமராக்கள் பல 4கே-யை நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்கின்றன. ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எடிட் செய்த நான்கு நிமிடப் பாட்டுத் துண்டோடு, "ஒரிஜினல் எல்லாத்தையும் இதுலயே போட்டுட்டேன்ணே" என்று ஒரு டிஸ்க்கில் நகலெடுத்தும் தருகிறார்கள். ஐநூறு கோடி ரூபாய்ப் படம் வழுக்கிக்கொண்டு ஓடும் அதே டிவியில், தங்கச்சி முகூர்த்தம் மட்டும் தாலி கட்டும் இடத்தில் நின்றுவிடுகிறது. காரணம் ஆன்டெனாவில் இல்லை. கேபிளில் இணைத்தாலும், மலிவு ரவுட்டர்கள் பலவற்றின் லேன் போர்ட்டும் பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட்டும் 100 மெகாபிட் வகை. அதில் உருப்படியாகக் கடக்கக்கூடியது 94, 95 மெகாபிட். நூறு கேட்கும் கோப்புக்கு அது போதாது. லட்ச ரூபாய் டிவியிலும் பல கம்பெனிகள் இன்னமும் இந்தப் பழைய போர்ட்டைத்தான் வைக்கின்றன. விளம்பரத்தில் இது வராது.

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். ஏசி 1200 என்றால் என்ன? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி, வருவதை மேல்நோக்கி உருட்டினால் 1200. டிவி ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்தக் கூட்டல் டிவிக்கு எதற்கும் உதவாது. ஏஎக்ஸ் 3000 என்பதும் 574-உம் 2402-உம் சேர்ந்த கதை. அந்த 2402 கிடைக்க 160 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் வேண்டும். பெரும்பாலான டிவிகள் 80-இல்தான் பேசும், அப்போது அது பாதியாகிவிடும். அந்தப் பாதியும் இடையில் சுவரில்லாமல், பக்கத்தில் யாருமில்லாமல், ஆய்வுக்கூடத்தில் கணக்கிட்ட இணைப்பு வேகம். கையில் கிடைப்பது அதற்கும் வெகுகீழே. ஆன்டெனா ஆறு இருந்தாலும், டிவிக்குள் இருப்பது ஒன்றோ இரண்டோ. பேச்சு இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவது. ஒருவருக்கு மட்டும் ஆறு வாய் இருந்து என்ன பயன்?

சரி, உண்மையில் எங்கே மாட்டிக்கொள்கிறது? பெட்டியில் எங்குமே அச்சடிக்காத இரண்டு இடங்களில். ஒன்று, ரவுட்டருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பிராசசர். இன்னொன்று, உங்கள் வீட்டுச் சுவர்.

பிராசசர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயம் தெரிந்தவர்களே இதில் ஏமாறுகிறார்கள். "என் ரவுட்டரில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 500 காட்டுகிறதே, டிஸ்க்கிலிருந்து மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்பார்கள். ஸ்பீட் டெஸ்டில் ரவுட்டர் வெறும் தபால்காரன் வேலை பார்க்கிறது. வருவதை வாங்கி இந்தப் பக்கம் தள்ளும் அந்த வேலைக்கென்றே சிப்புக்குள் தனிக் குறுக்குவழி உண்டு, பிராசசர் ஏறெடுத்தும் பார்க்கத் தேவையில்லை. டிஸ்க் அப்படி இல்லை. கோப்பு எந்த மூலையில் இருக்கிறது என்று தேடி, படித்து, பொட்டலம் கட்டி, அனுப்பி, வந்ததா என்று விசாரிப்பது வரை அத்தனையும் பிராசசர் தலையில். மலிவு ரவுட்டர்களில் இருப்பது பழைய போனில் இருந்ததைவிடச் சிறியது. 64 எம்பி நினைவகத்தோடு, ஒரே ஒரு கோர் வைத்துக்கொண்டு ஓடுபவையும் விற்பனையில் இருக்கின்றன. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் ஏட்டு வேகம் 480 மெகாபிட்டாக இருந்தாலும், இப்படிப்பட்ட ரவுட்டர் நொடிக்குப் பத்து மெகாபைட்டைத் தாண்டவே மூச்சு வாங்கும்.

இதற்கு மேல் நாமும் ஒரு சுமையை ஏற்றுகிறோம். டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் மாட்டி என்டிஎஃப்எஸ் முறையில் வைத்திருக்கிறோம், பல டிஸ்க்குகள் கடையிலிருந்து வருவதே அப்படித்தான். ரவுட்டரோ லினக்ஸில் ஓடுகிறது. என்டிஎஃப்எஸ்ஸை நன்றாகப் படிக்கவும் எழுதவும் தெரிந்த டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது 2021-இல். ரவுட்டர்களில் இருப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய கெர்னல். பல மாடல்களில் கெர்னலுக்கு வெளியே ஓடும் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு தடவை கைமாற்றும் அந்த வழி சின்னப் பிராசசரைப் பிழிந்துவிடும். அதே டிஸ்க்கை லினக்ஸின் சொந்த முறையான எக்ஸ்ட்4-இல் ஃபார்மட் செய்து மாட்டினால் அதே ரவுட்டரில் வேகம் கண்ணுக்குத் தெரியக் கூடும். செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் விண்டோஸ் கணினியில் அதை நேரடியாக மாட்டிப் படிக்க முடியாது, அந்தத் தொல்லை உண்டு. ஃபேட்32 எங்கும் படிக்கும், ஆனால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஏற்காது. கல்யாண வீடியோ அங்கேயே அவுட்.

யூஎஸ்பி 3.0 போர்ட் வைத்த ரவுட்டர் வாங்கினால் தீர்ந்ததா? பாதி தீரும், ஏனென்றால் அத்தகையவற்றில் பிராசசரும் பொதுவாகக் கொஞ்சம் பெரிது. கூடவே ஒரு வம்பும் வரும். யூஎஸ்பி 3.0 ஓடும்போது அந்த கேபிளும் போர்ட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. அதனால்தான் சில ரவுட்டர்களில் 3.0 போர்ட்டை வேண்டுமென்றே 2.0 வேகத்தில் முடக்கி வைத்திருப்பார்கள், செட்டிங்கில் போய் நாம்தான் மாற்ற வேண்டும். மாற்றினால் டிஸ்க் வேகமாகும், 2.4-இல் இருக்கும் பழைய போன் தள்ளாடும். டிவி 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் கவலை இல்லை. இதை எந்த விற்பனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சுவர் விஷயம் எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஃபைபர்காரர் வாசல் பக்கம் துளை போட்டு, அங்கேயே ஒரு மூலையில் பெட்டியை ஆணியடித்துவிட்டுப் போய்விடுகிறார். நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ, பிறகு டிவி. சிலர் அழகுக்காக ரவுட்டரை டிவிக்குப் பின்னாலேயே மறைக்கிறார்கள். உலோகத் தட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஆறு ஆன்டெனாவையும் நிமிர்த்திவிடுவதால் ஒன்றும் ஆகாது. 2.4 அலைவரிசை சுவரைத் தாண்டும், ஆனால் அடுக்குமாடியில் அத்தனை வீட்டு வைஃபையும் அதில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றோடொன்று இடிக்காத சேனல் அதில் மூன்றே மூன்று. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவருக்குச் சுவர் தேயும். நியாயமாகச் சொன்னால், வீட்டில் இருப்பது 2.4 மட்டுமே உள்ள பழைய ரவுட்டர் என்றால் புதிது வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கு இரண்டு அலைவரிசை போதும். மூவாயிரம் வேண்டாம்.

இன்னொரு வகைப் புகாருக்கு ரவுட்டர் பொறுப்பே அல்ல. "படம் வருது, சத்தம் வரல." சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ் ஒலியை நீக்கியது. எல்ஜியும் 2020-இல் நீக்கி, 2023-இல் சிலவற்றில் திரும்பக் கொண்டுவந்தது. கணினியில் ஓடும் மென்பொருள் அந்த ஒலியை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடும். ரவுட்டருக்கு அந்தச் சக்தி கிடையாது, இருப்பதை இருந்தபடி அனுப்புவதுதான் அதன் வேலை. "டிஸ்க் மடிக்கணினியில் தெரியவே மாட்டேன் என்கிறது" என்பதும் வேகத்தோடு சம்பந்தமில்லாத புகார்தான். பழைய கோப்புப் பகிர்வு முறையின் ஓட்டை வழியே வானாக்ரை வைரஸ் பரவிய 2017-லேயே மைக்ரோசாஃப்ட் அந்த முறையை விண்டோஸ் 10-இல் நிறுத்தத் தொடங்கிவிட்டது. பழைய ரவுட்டர்கள் பல அந்த ஒரு முறையில் மட்டுமே பேசும். அதை மறுபடி திறந்துவிடச் சொல்லும் யூடியூப் வீடியோக்கள் நிறைய உண்டு. செய்யாதீர்கள்.

ஒரே டிவி, ஒரே ஹால் என்றால் டிஸ்க்கை டிவியிலேயே மாட்டுங்கள். ரவுட்டரே தேவையில்லை, கல்யாண வீடியோவுக்கும் அதுதான் சிறந்த வழி. ரவுட்டரில் மாட்டுவதற்கு நியாயமான காரணம், ஹாலில் அப்பாவும் படுக்கையறையில் பிள்ளைகளும் ஒரே டிஸ்க்கிலிருந்து பார்க்க விரும்புவது. இரண்டு பேர் வரை நடுத்தர ரவுட்டர் தாங்கும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால், மூலையில் கிடக்கும் பழைய மடிக்கணினியை கேபிளில் மாட்டிவிடுவது எந்த ஆறு கால் பெட்டியையும்விட மேல். மடிக்கணினியில் பேட்டரி வேறு இருக்கிறது. நம் ஊரில் மின்தடை எப்போது வரும் என்று தெரியாது. ரவுட்டருக்கென்று விற்கும் குட்டி யூபிஎஸ், ரவுட்டரோடு டிஸ்க்கும் சேர்ந்து இழுத்தால் பல நேரம் தாங்காது. யூஎஸ்பி 2.0 போர்ட் முறைப்படி தருவது 500 மில்லிஆம்பியர்தான். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்டால் "டிக், டிக்" என்று முனகிவிட்டு நின்றுவிடும். அது டிஸ்க் கெட்டுவிட்டதற்கான சத்தம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது வேறு. யூஎஸ்பி போர்ட் உண்டா, 3.0-வா, லேன் போர்ட் கிகாபிட்டா, பிராசசர் எத்தனை கோர், நினைவகம் எவ்வளவு? பெட்டியில் இல்லாவிட்டால் மாடல் எண்ணைப் போட்டு போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாங்கி வந்த அன்றே, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், கிகாபிட் போர்ட் உள்ள ஒரு கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து, டிஸ்க்கிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை நகலெடுங்கள். நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று திரையிலேயே வரும், எட்டால் பெருக்குங்கள். பிறகு கேபிளைப் பிடுங்கிவிட்டு, டிவி இருக்கும் இடத்தில் உட்கார்ந்து வைஃபையில் அதே கோப்பை எடுங்கள். முதல் எண்ணே சிறியதாக இருந்தால் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்கலாம். முதலாவது பெரிதாக இருந்து இரண்டாவது மட்டும் விழுந்தால் ரவுட்டர் மேல் குற்றமில்லை. அதை வாசல் மூலையிலிருந்து கழற்றி ஹாலுக்குக் கொண்டுவர ஒரு லேன் கேபிளும் ஒரு எலக்ட்ரீஷியனின் அரை மணி நேரமும் போதும்.